மேலே இரண்டு பரண் வேண்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

வாங்கப்போகும் மலைப்பாம்புக்குக் கூண்டு என்று நீ வரைந்து அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி மூன்று தடவை பார்த்தேன். பழைய நாலடி மீன்தொட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, திறந்த பக்கத்துக்குக் கம்பிவலைக் கதவு போட்டு, நடுவில் ஒரு கம்பை நட்டு, உச்சியில் ஒரு பல்பு. "மரம் ஏறுற பாம்புதானே மாமா, உயரம் இருந்தா போதும்ல?" என்று கேட்டிருந்தாய். போதாது. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு சில பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில், இங்கே ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் என் வீட்டுக் கூரைக்குள் குடியிருக்கும் பாம்பைப் பற்றிச் சொல்கிறேன். நீ வாங்கப்போகும் ஜங்கிள் கார்ப்பெட் மலைப்பாம்பு, வட குவீன்ஸ்லாந்தில் ஆதர்ட்டன் மேட்டு நிலத்து மழைக்காட்டுப் பக்கத்துச் சாதி. கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும். எங்கள் கூரையில் இருப்பது அதன் பெரிய பங்காளி, கடலோரக் கார்ப்பெட். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். யாரும் வளர்க்கவில்லை, அதுவாக வந்தது. எலி இருக்கிற கூரை என்பதால் தங்கிவிட்டது. சீலிங் மேலே வயர் பார்க்கப் போகும்போதெல்லாம் அது எங்கே கிடக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஜூலைக் குளிரில் வடக்குப் பக்கத் தகரத்துக்கு அடியில் கிடக்கும். இந்த நாட்டில் வெயில் விழுவது வடக்குப் பக்கம்தானே. ஜனவரியில் பார்த்தால் தெற்கு மூலையில், காற்று வரும் சந்துக்குப் பக்கத்தில் சுருண்டிருக்கும். இரண்டு இடமும் ஒரே உயரம். தரைக்கு இறங்காமலே அது சூட்டையும் குளிர்ச்சியையும் மாற்றிக்கொள்கிறது.

உன் படத்தில் இல்லாதது இதுதான். பாம்புக்கு நம்மைப் போல உடம்புச் சூட்டை உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போக வேண்டும், போதுமென்றால் விலக வேண்டும். மரம் ஏறும் பாம்புக்கு இன்னொரு தேவையும் உண்டு: உயரத்தில் மறைவாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. உயரமான கூண்டில் சூடு தானாகவே உச்சியில் போய்த் தேங்கும், கீழே குளிரும். அப்படியானால் உன் கூண்டில் குளிர்ச்சி வேண்டும் என்கிற பாம்பு தரைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். சூட்டைப் பார்ப்பதா, பாதுகாப்பைப் பார்ப்பதா என்று அதை இழுபறியில் விடுகிறோம். பல பாம்புகள் பாதுகாப்பைத்தான் பார்க்கும். மேலேயே கிடந்து காய்ந்துபோகும், சட்டை துண்டு துண்டாக உரியும், எலியைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் மேலே இரண்டு பரண் வை. ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மீன்தொட்டியை விட்டுவிடு. கண்ணாடி சூட்டைத் தக்கவைக்காமல் வெளியே விட்டுவிடும், நீ இருக்கும் மெல்பர்ன் குளிருக்குச் சரிப்படாது. நாலு பக்கமும் திறந்த வெளி மாதிரி தெரிவதால் பாம்புக்கும் கலவரம். மெலமைன் பலகையில் ஒரு பெட்டி அடி. 16 மில்லிமீட்டர் தடிமன் போதும். நீளம் 120 சென்டிமீட்டர், ஆழம் 60, உயரம் 120. நீ வாங்குவது இரண்டு வயதுப் பாம்பு, ஒன்றரை மீட்டரை நெருங்கியது என்றாய். வளர்ந்து முடித்தால் இரண்டு மீட்டர் பக்கம் வரலாம், இருபது வருடத்துக்கு மேலும் உன்னோடு இருக்கலாம். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உயரம் உயரம் என்று எல்லோரும் நீளத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நீளம் இருந்தால்தான் இரண்டு பரணுக்கும் நடுவே சூடு வித்தியாசப்படும்.

இந்தப் பெட்டி கண்ணாடியோடு சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும். எங்கே வைக்கப்போகிறாயோ அந்த அறையிலேயே அடித்துவிடு, மாடிப்படியில் தூக்கிச் சுமக்காதே. ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் ஆகாது. மெலமைன் வெளியே வழவழப்பாக இருந்தாலும் உள்ளே மரத்தூள்தான். அறுத்த விளிம்பில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். அதனால் எல்லா விளிம்புக்கும் டேப் ஒட்டி, உள்மூலை அத்தனைக்கும் மீன்தொட்டிக்குப் பயன்படுத்தும் சிலிகானை இழுத்துவிடு. ஒரு வாரம் காயட்டும். புளித்த வாடை முழுக்கப் போன பிறகுதான் அடுத்த வேலை. தேவதாரு மரம் எந்த வடிவிலும் உள்ளே வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

முன்பக்கம் இரண்டு கண்ணாடி, தண்டவாளத்தில் நகர்கிற மாதிரி. கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பலகை விட்டுக் கண்ணாடியை ஆரம்பி, இல்லாவிட்டால் கீழே போடும் தென்னை நார்க்கழிவெல்லாம் தண்டவாளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பூட்டு கட்டாயம். கண்ணாடியை மூக்கால் தள்ளித் திறக்கிற பலம் அதற்கு உண்டு. என் அக்கா மே மாதம் வந்து உன்னோடு தங்கப்போகிறாள். சாவி உன் சட்டைப்பையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். காற்றுக்கு, குளிர்ந்த பக்கச் சுவரில் கீழே ஒரு ஓட்டை, சூடான பக்கச் சுவரில் மேலே ஒரு ஓட்டை. இரண்டுக்கும் பிளாஸ்டிக் சல்லடை மூடி போட்டு ஸ்க்ரூ வைத்து இறுக்கு. காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும். உச்சியில் சூடு தேங்காது.

இப்போது சூடு. இதை நிதானமாகப் படி.

என் முதல் பாம்புக்கு 100 வாட் செராமிக் ஹீட்டர் போட்டிருந்தேன். அதில் வெளிச்சம் வராது, எரிகிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. ஆனால் அதன் மேல் தோல் 200 டிகிரியைத் தாண்டிவிடும். அதைச் சுற்றி ஒரு கம்பிக்கூடு போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாங்கியும் வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்று. வெள்ளிக்கிழமை ராத்திரி பாம்பு அந்த ஹீட்டரைச் சுற்றிக்கொண்டது. நம் கை என்றால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். பாம்பு பல சமயம் அப்படி இழுத்துக்கொள்வதில்லை, சுட்டுப் பொசுங்கும் வரை கிடக்கும். காலையில் பார்த்தபோது அடிவயிற்றில் பன்னிரண்டு செதில்கள் பழுப்பேறி, விளிம்பு சுருண்டு, நடுவில் நீர் கோத்திருந்தது. மருத்துவர் தினமும் மருந்து தடவச் சொன்னார். நான்கு சட்டை உரித்த பிறகுதான் தோல் மூடியது. கடைசி வரை அந்த இடத்துச் செதில் கோணலாகவே இருந்தது. ஒவ்வொரு தடவை கையில் எடுக்கும்போதும் விரலில் தட்டுப்படும்.

அதனால் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன், பல்பும் செராமிக்கும் வேண்டாம். பெட்டியின் கூரையோடு ஒட்டி மாட்டுகிற தட்டையான ஹீட் பேனல் வாங்கு. பாம்பு சுற்றிக்கொள்ள அதில் பிடி கிடையாது. மேல் சூடும் செராமிக்கோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. விலை கூடத்தான், நான் பாதி தருகிறேன். அது தெர்மோஸ்டாட் வழியாகத்தான் ஓட வேண்டும், அதாவது சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி வழியாக. தெர்மோஸ்டாட்டின் சென்சார் சூடான பரணின் மட்டத்தில் இருக்கட்டும், அதையும் கிளிப் போட்டு ஸ்க்ரூவால் பிடி. வெறும் ரப்பர் உறிஞ்சியை நம்பாதே. அது கழன்று குளிர்ந்த தரையில் விழுந்தால், 'இன்னும் சூடாகவில்லை' என்று தெர்மோஸ்டாட் ராத்திரி முழுக்க ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். பிளக்கில் மாட்டுகிற சாமான்களோடு நிறுத்திக்கொள். வீட்டு வயரிங்கில் கை வைக்க இங்கே லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுக்கு மட்டும்தான் அனுமதி.

சூடான பரண் 31 டிகிரி பக்கம், குளிர்ந்த பரண் 25 பக்கம் வந்தால் நல்லது. ராத்திரியில் ஒன்றிரண்டு டிகிரி இறங்கலாம். குளிர்ந்த பரணை மட்டும் சூடான பரணைவிட ஒரு சாண் கீழே இறக்கி வை, கணக்குச் சரியாக வரும். ஒவ்வொரு பரணும் 30 சென்டிமீட்டர் அகலம், முன்னால் நாலு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. உள்ளே கிடக்கும் பாம்புக்கு அந்த விளிம்பு ஒரு சுவர் மாதிரி. தலையை அதன் மேல் வைத்துக்கொண்டு அறையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் கிடக்கும். நீயே பார்க்கத்தான் போகிறாய்.

அப்புறம் கிளைகள். செங்குத்தாக ஒரு கம்பை நட்டால் அது ஏறும், ஆனால் அங்கே தங்காது. படுக்கை வாட்டத்திலும் லேசான சரிவிலும் நாலைந்து கிளை வேண்டும். பாம்பின் நடு உடம்பு என்ன தடிமனோ அதே தடிமனில் இரண்டு, கொஞ்சம் பருமனாக இரண்டு. அது ஏறுவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார். வாலையும் பின்னுடம்பையும் ஒரு கிளையில் முறுக்கிக்கொண்டு, முன்பாதியை வெறும் காற்றில் நீட்டி, அடுத்த கிளை எட்டும் வரை நாக்கை நீட்டி நீட்டித் தேடும். பாதி உடம்பு அந்தரத்தில் நிற்கும் அந்த நேரத்தில் பின்னால் இருக்கும் கிளை அசைந்தால் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு கிளையையும் வெளிச்சுவரிலிருந்து ஸ்க்ரூ வைத்து முடுக்கு. இரண்டு கையாலும் தொங்கிப் பார். முனகினால் கழற்றித் திரும்ப மாட்டு.

பாட்டில்பிரஷ், டீ ட்ரீ, யூகலிப்டஸ், இந்த மூன்று மரத்துக் கிளையில் எதுவானாலும் சரி. பக்கத்து வீட்டில் மரம் கழித்தால் கேட்டு வாங்கிக்கொள், தேசியப் பூங்காவிலிருந்து எடுக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த மரமா என்று மட்டும் கேள். பட்டையைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் சில வாரம் போடு.

மறைவிடம் இரண்டு வேண்டும், தரையில் ஒன்று, குளிர்ந்த பரணில் ஒரு பெட்டியாக ஒன்று. தண்ணீருக்குக் கனமான சட்டி, உடம்பை முக்கிக் கிடக்கும் அளவுக்கு. அதைக் குளிர்ந்த பக்கத்திலேயே வை. தரைக்கு முதல் இரண்டு மாதம் வெறும் காகிதம்தான், எச்சம் எப்படிப் போகிறது, உண்ணி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பிறகு தென்னை நார்க்கழிவு போடலாம். அந்தக் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டதும் எழும்புகிற வாசனையில் எனக்கு ஒவ்வொரு தடவையும் பொள்ளாச்சி ரோட்டோரம் நினைவுக்கு வந்துவிடும். பெட்டிக்குள் காற்றின் ஈரம் 50 சதவீதம் பக்கம் இருந்தால் போதும். சட்டை உரிக்கப்போகிறது, கண் பால் போல வெளுத்திருக்கிறது என்றால் அந்த வாரம் கொஞ்சம் கூட்டு. மூச்சு விடும்போது சீறல் கேட்டாலோ வாயோரம் நுரை கண்டாலோ காத்திருக்காதே, மருத்துவரிடம் கொண்டுபோ.

பாம்பு வளர்க்கும் உரிமம் கையில் வந்த பிறகுதான் பாம்பு. உரிமம் உள்ளவரிடம்தான் வாங்க வேண்டும், காட்டிலிருந்து பிடிக்கக் கூடாது. உனக்குத் தெரிந்ததுதான். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் நம் ஊர்க் காட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பெட்டி முடிந்ததும் பாம்பைக் கொண்டுவந்துவிடாதே. ஏழு நாள் காலியாக ஓட்டு. சூடான பரண், குளிர்ந்த பரண், தரை, மூன்று இடத்திலும் தனித்தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் வை. தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதே. காலை ஆறு மணி, மதியம் இரண்டு, ராத்திரி பதினொன்று. மூன்று வேளையும் எழுதி, தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஏழாம் நாள் எண்களையும் பார்த்துவிட்டு நானே உன்னைக் கூப்பிடுகிறேன். கிளைகளைப் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் அனுப்பு, ஸ்க்ரூ தெரிகிற மாதிரி.

அன்புடன்,
மாமா