மாமா, பலூனுக்கு ஸ்டியரிங் எங்கே இருக்கிறது என்றால்...

அன்புள்ள மாமாவுக்கு,

2025 பொங்கல் சமயத்தில், பொள்ளாச்சித் திருவிழாவில் கிளம்பிய வெப்பக்காற்று பலூன் பாலக்காட்டுப் பக்கம் வயலில் போய் இறங்கிய செய்தியைப் படித்துவிட்டு, "ஸ்டியரிங் இல்லாத வண்டியில எவனாவது ஆள் ஏத்துவானா?" என்று போனில் சிரித்தீர்கள். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பதில் கிடைத்தது. இதே சந்தேகம் உள்ளவர்கள் நிறையப் பேர் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஆல்புகர்க்கி என்ற ஊர். அக்டோபரில் ஒன்பது நாள் பலூன் திருவிழா. 1972-ல் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு ஆரம்பித்தது; 2000-ல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அப்புறம் அவர்களே குறைத்துக்கொண்டார்கள். இப்போதும் சில நூறு பலூன்கள் ஒரே காலையில் கிளம்புகின்றன. இங்கே கயிறு கட்டி நம்மைத் தள்ளி நிறுத்துவதில்லை. மைதானத்துக்குள்ளேயே நடக்கலாம். விடியுமுன் போனால் நைலான் துணி புல்லில் நீளமாகக் கிடக்கும். பெரிய மின்விசிறியை வைத்து முதலில் குளிர்ந்த காற்றை ஊதுகிறார்கள். துணி பாதி உப்பியதும் இரண்டு பேர் அதன் வாயை விரித்துப் பிடிக்க, பைலட் புரொப்பேன் எரிவாயு அடுப்பைத் திறக்கிறார். அந்த உறுமலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. குளிரில் விறைத்த முகத்தில் திடீரென்று அனல் அடிக்கும். படுத்திருந்த துணி மெல்ல எழுந்து நிற்கும்.

மூன்று நான்கு பேர் ஏறும் பலூனுக்குள் சுமார் 2,200 கன மீட்டர் காற்று. எடை போட்டால் இரண்டு டன்னுக்கு மேல்! நூறு டிகிரி வரை சூடாக்கும்போது விரிந்து, ஏறக்குறைய கால் பங்கு கீழ்வாய் வழியாக வெளியேறிவிடும். அந்தக் கால் பங்கு எடையைத்தான் அது தூக்குகிறது: துணி, கூடை, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் சேர்த்து.

சரி, ஸ்டியரிங்? கிடையாது. பைலட் கையில் இருப்பது இரண்டே: மேலே போக அடுப்பு, கீழே வர உச்சியில் உள்ள வால்வைத் திறக்கும் கயிறு. நீங்கள் பிரேக்கை மிதித்தால் வண்டி அப்போதே கேட்கும். இங்கே அடுப்பைத் திறந்து சில விநாடி கழித்துத்தான் பலூன் கேட்கிறது. அதனால் தேவைப்படுவதற்கு முன்பே கை போக வேண்டும்.

விஷயம் இதுதான் மாமா: காற்று எல்லா உயரத்திலும் ஒரே பக்கம் அடிப்பதில்லை. ஆல்புகர்க்கியில் ராத்திரி குளிர்ந்த கனமான காற்று, ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே வடிகிறது. அதற்கு மேல் பல நாட்களில் காற்று தெற்கிலிருந்து வடக்கே போகும். தாழப் பறந்து தெற்கே போய், மேலே ஏறி வடக்கே திரும்பி, மறுபடி இறங்கினால் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடலாம். இதற்கு 'ஆல்புகர்க்கி பாக்ஸ்' என்று பெயர். எல்லா நாளும் அமையாது. நான் ஏறிய அன்று அமைந்தது. எங்கள் பைலட் எதிரே பார்த்ததைவிட மற்ற பலூன்களைப் பார்த்ததுதான் அதிகம். மேலே இருக்கும் பலூன் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்த உயரத்தில் காற்று அந்தப் பக்கம். விடியுமுன்னே சில பலூன்களை முதலில் அனுப்புவதும் இதற்காகத்தான். மற்றவர்கள் கீழே நின்று கவனித்துக்கொள்கிறார்கள். நாமும் காற்றோடு சேர்ந்தே போவதால் கூடைக்குள் காற்றே வீசவில்லை.

வெயில் ஏறித் தரை சூடானதும் இந்த அடுக்கெல்லாம் கலைந்துவிடும், ஆகவே காலையிலேயே பறந்து முடித்துவிடுகிறார்கள். பொள்ளாச்சிக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கீழைக்காற்று கேரளாவுக்குள் போகிற போக்கு உங்களுக்குத் தெரியாததா? அதில் மாட்டினால் நல்ல வயலாகப் பார்த்து இறக்குவதுதான் திறமை. என்னைக் கேட்டால் அந்த பைலட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அடுத்த அக்டோபரில் அத்தையோடு வாருங்கள். ஒரே நாள் திட்டத்தில் வராதீர்கள். காற்று பலமென்றால் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள், அன்றைக்கு ஒன்றும் பறக்காது. இன்னொன்று, சின்னக் கூடைக்குக் கதவு கிடையாது. பக்கவாட்டு ஓட்டையில் கால் வைத்துத் தாண்டி உள்ளே குதிக்க வேண்டும், பலூன் தரையிறங்கும்போது முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். உங்கள் மூட்டு வலிக்கு இப்போதே வைத்தியம் பார்க்கத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்