மேல் டிவிசனிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள மேல் டிவிசன் உறவுகளுக்கும், யாழ்ப்பாணத்து அன்ரிக்கும், அந்தக் கொரோனா காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம்.

போன மாதம் நம் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் பட்டதாரிகள் ஐந்து பேருக்கும் பாராட்டு விழா வைத்தீர்கள். மாலை, பொன்னாடை, மேளம் என்று ஒரு குறையும் இல்லை. ஆனால் மைக் என் கைக்கு வந்து, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று பட்டியலை வாசித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில் மீதி யாருக்கும் கேட்கவில்லை. உண்மையில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் அந்த மீதியில்தான் இருந்தார்கள். சரி, எழுதியே போடுவோம் என்று ஐந்து பேரும் முடிவெடுத்து, வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

2020 மார்ச் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். முதலில் இரண்டு வாரம் என்றுதான் பேச்சு. விடுதியைக் காலி பண்ணச் சொன்னதும், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் படித்த மூன்று பேரும் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஊர் வந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின் அறையில் இருந்தோம். இரண்டு வாரத்துக்காக மஸ்கெலியா வரை போய்வர இருந்த பஸ் காசுக்கு ஒரு மாதச் சாப்பாடே முடிந்துவிடும். அதனால் நின்றுவிட்டோம். 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். நம் நுவரெலியா மாவட்டத்தில் இடையிடையே தளர்த்தினாலும், யாழ்ப்பாணமும் கண்டியும் கொழும்போடு சேர்த்து அபாய மாவட்டங்கள் என்றார்கள். நாங்கள் இருந்த இடமும் பூட்டு, வரவேண்டிய வழியும் பூட்டு.

அன்ரி, இது உங்களுக்கு. அறை வாடகை கொடுக்கக் காசில்லை என்று நாங்கள் இருவரும் கதவுக்குப் பின்னால் நின்று யார் போய்ச் சொல்வது என்று தள்ளிக்கொண்டிருந்தபோது, நீங்களே வந்து, "காசைப் பிறகு பாப்பம் பிள்ளையள், முதல்ல சாப்பிட்டியளோ?" என்று கேட்டீர்கள். அந்த 'பிறகு' இன்றுவரை வரவில்லை. உங்கள் வீட்டு வேலியோரத்து முருங்கை எங்களுக்காகவே தளிர்த்ததுபோல் தினமும் வறை. கடை திறக்கிற அன்று ஐயா சைக்கிளில் போய் வரிசையில் நின்று எங்களுக்கும் சேர்த்து மா வாங்கிவருவார். பொலிஸ், கிராம உத்தியோகத்தர், சுகாதாரப் பரிசோதகர் என்று எங்களுடைய ஊரடங்குப் பாஸுக்காக அலைந்ததும் அவர்தான். மே மாதம் நாங்கள் வெளிக்கிட்டபோது பனங்கட்டிக் குட்டான் (பனைவெல்லம் நிறைத்த ஓலைப்பெட்டி) ஒன்றை என் அம்மாவுக்கென்று தனியாகக் கட்டித் தந்தீர்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்களை எப்படி நடத்துவார்களோ என்று கம்பஸ் கிடைத்த நாளில் பயந்த அம்மா, அந்தக் குட்டானை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தொங்கவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

இனி ஊர்க்கதை.

'வீட்டில் இருங்கள்' என்று டிவியில் நாள் முழுக்கச் சொன்னார்கள். சொன்னவர்கள் மனதில் எந்த வீடு இருந்ததோ தெரியாது. நம் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா (அறை), ஒரு குசினி, ஒரு இஸ்தோப்பு. அதற்குள் தாத்தா முதல் தம்பி வரை எல்லோரும். பக்கத்துக் காம்பராவில் குழந்தை தும்மினால் நம் வீட்டில் "நூறு வயசு" என்று சொல்லலாம். அங்கேதான் எங்கள் விரிவுரை மண்டபம், நூலகம், பரீட்சை நிலையம் எல்லாம் வந்து இறங்கின. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு நிற்கவில்லை. தேயிலை அத்தியாவசியம் என்பதால் அம்மாமார் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு ஊரடங்கிலும் மலைக்குப் போனார்கள். கொழும்புத் தேயிலை ஏலமே அந்த ஏப்ரலில்தான் சரித்திரத்தில் முதல் தடவையாக ஆன்லைனுக்குப் போனது. கொழுந்தும் ஆன்லைன், கொழுந்து எடுத்தவர் மகளும் ஆன்லைன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாகப் போகிற ஸூம் வகுப்புக்கும், பாடக் குறிப்புகள் இருக்கும் எல்எம்எஸ் தளத்துக்கும் டேட்டா கழியாதபடி அப்போது ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு, அதற்கும் நன்றி. ஆனால் டேட்டா இலவசம் என்றால் சிக்னல் வந்துவிடுமா? பதுளைப் பக்கம் போகிட்டியாவ பிள்ளைகள் காடு கடந்து பாறைமேல் ஏறிப் படித்த படம் 2021இல் வெளிநாட்டுச் செய்திகளிலெல்லாம் வந்தது. நம் பக்கம் கேமரா வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குச் சிக்னல் இருந்தது தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில். மவுசாகலை நீர்த்தேக்கத் தண்ணீர் தெரிகிற அந்த மேட்டில், தேயிலைக் கன்றுகளுக்கு நடுவே, போனை ஒரு பக்கமாகப் பிடித்தால் மூன்று கோடு வரும். தவறணைத் தாத்தா, முதல் நாள் எங்களைப் பார்த்து, கன்றை மிதிக்க வந்த மாடுகளை விரட்டுவதுபோல்தான் விரட்டினீர்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் போய்விட்டீர்கள். மறுநாள் நாங்கள் மறுபடியும் பயந்து பயந்து ஏறி வந்தால், இரண்டு மரக்கட்டைக்கு மேல் பலகை போட்டு, கன்றுக்குக் கட்டும் நிழல் பந்தலில் ஒரு மூலையை எங்களுக்கென்று ஒதுக்கி, மேலே பொலித்தீன் விரித்து வைத்திருந்தீர்கள். மழை நேரம் அந்தப் பொலித்தீனில் தண்ணீர் தேங்கித் தொங்கும். நீங்கள் கம்பால் அடியிலிருந்து மெதுவாகத் தூக்கி ஒரு பக்கமாக வடியவிடுவீர்கள், பாடம் கேட்கிற பிள்ளைக்குச் சத்தம் வரக்கூடாது என்று. உங்களுடைய ரேடியோவை எட்டு மணிச் செய்திக்குக்கூட அமர்த்திவிடுவீர்கள். வாத்தியார் இங்கிலிஷில் என்ன சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டீர்கள். பணவீக்கம் பற்றி என்று சொன்னேன். "அதை அவருதான் சொல்லணுமா" என்றீர்கள். அன்றைக்குப் படித்ததில் அதுதான் எனக்கு நன்றாக ஞாபகம்.

அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளச் சொல்லித் தந்தவரும் நீங்கள்தான். அதைவிடப் பெரிய தொல்லை புலி. நம் பக்கத்துச் சிறுத்தைகளுக்கு ஊரடங்கு இல்லை. ஆள் நடமாட்டம் குறைந்ததும் தேயிலைக்குள் இன்னும் தாராளமாக நடமாடத் தொடங்கின. சில வகுப்புகள் மாலை ஏழு மணிக்கு மேல்தான் நடக்கும். நாலாம் நம்பர் லயத்து மாமாமார் இரண்டு பேர், பகல் முழுக்கக் கவ்வாத்து வெட்டிய களைப்போடு, டோர்ச்சும் தகர டின்னுமாக எங்களுக்குக் காவல் வந்தீர்கள். போகிற வழியெல்லாம் டின்னைத் தட்டுவீர்கள், வகுப்பு தொடங்கியதும் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிவீர்கள். ஒரு தடவை டின் மடியிலிருந்து விழுந்து உருள, வாயடைத்திருந்த என் மைக் தற்செயலாகத் திறந்திருக்க, வகுப்பில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கேட்டார்கள். "தங்கச்சி, அங்க கோயில்ல பூசையா?" என்று ஒரு சீனியர் அண்ணன் வகுப்புச் சாட்டில் எழுதினார்.

ஐந்து பேரில் இரண்டு பேரிடம்தான் சரியான போன் இருந்தது. தொங்கல் காம்பரா (லயத்துக் கடைசி வீட்டு) பெரியம்மா, கத்தாரிலிருந்து உங்கள் மகன் அனுப்பிய போனை, உறையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் தந்தீர்கள். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் உங்களுக்கு அது வேண்டும். மகனோடு நீங்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசுகிற நேரத்தில் 'அசைன்மென்ட் டியூ' என்று திரையில் வந்து விழும். "யாரோ டியூ கேக்குறாங்கடி" என்று கூப்பிடுவீர்கள். கடைக்கார மாமா ரீலோட் போட்டதை அரிசிக் கணக்குக் கொப்பியில் எழுதாமல், கடைசித் தாளில் தனியாக எழுதினார். கேட்டால், அம்மா பார்த்தால் கவலைப்படுவார் என்றார். அந்தத் தாளைப் போன வாரம் முழுதாகத் தீர்த்தோம். வாங்கமாட்டேன் என்று அவர் போட்ட சண்டை கீழ் டிவிசன் வரை கேட்டிருக்கும்.

படிப்பித்தவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எங்களில் ஒருத்தியின் பாடத்துக்கு வந்தவர், கேமரா போடாவிட்டால் வரவு இல்லை என்று பிடிவாதமாக நின்றார். அவள் பின்னால் லயத்துச் சுவர் தெரியக்கூடாது என்று சேலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கேமரா போட்டால் சிக்னல் போய்விடும், சிக்னல் போனால் வரவும் போய்விடும். அவரைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் இன்னொரு ஆசிரியருக்கு நன்றி சொல்கிறேன். நீங்கள் ஒவ்வொரு பாடத்தையும் குரல் மட்டும் பதிந்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் சேர். விடியப்புறம் நாலு மணிக்கு வந்து இறங்கும். பின்னால் உங்கள் வீட்டுச் சேவல் கூவுவதுகூடக் கேட்கும். எங்கள் ஐவரில் பேராதனையில் படித்த தம்பியின் சிங்கள நண்பர் ஒருவர், லைன் விழுந்து தம்பி தவறவிட்ட பாடங்களைப் போனில் வாசித்துக் காட்டி எழுத வைத்தார். அந்த நண்பரின் தமிழும் தம்பியின் சிங்களமும் சேர்ந்து எப்படிப் புள்ளிவிபரவியல் ஆனதோ, தம்பி அதில் ஏ எடுத்தான்.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கி இரண்டாவது அலை வந்தது. அப்போது திரும்பவும் கம்பஸ் போயிருந்தவர்கள் மறுபடி மூட்டை கட்டினோம். இந்த முறை ஊருக்கு வந்தால் பதினான்கு நாள் தனிமைப்படுத்தல். லயத்தில் தனிமை என்றால் எங்கே போவது? எல்லோருக்கும் ஒரே தண்ணீர்ப் பீலி, வரிசைக் கக்கூஸ். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள். பயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் நீங்களே கூடிப் பேசி, பூட்டிக் கிடந்த பழைய கிளாக்கர் குவாட்டர்ஸைத் தோட்டத் துரையிடம் கேட்டுத் திறந்தீர்கள். சுண்ணாம்பு அடித்து, கதவுக்குக் கொண்டி போட்டு, வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தீர்கள்.

சுகாதாரப் பரிசோதகர் மஹத்தயா, உங்களுக்கும் நன்றி. தனிமைப்படுத்தல் அறிவித்தலை எங்கள் லயத்து வாசலில் ஒட்டியிருந்தால் பத்துக் குடும்பத்துக்கும் கடைக்குப் போக முடியாமல் போயிருக்கும். குவாட்டர்ஸ் கதவில் ஒட்டி, அங்கேயே பெயரையும் எழுதிக்கொண்டு போனீர்கள். நீங்கள் கொஞ்சம் யோசித்துச் செய்த அந்த ஒரு காரியத்தால் அம்மாவுக்கு நாள் சம்பளத்துக்குப் பெயர் போடுவது நிற்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் படியில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருக்கும், இன்னும் சூடு ஆறியிருக்காது. யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பலில் போடும் மாசிக் கருவாட்டின் அளவை வைத்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கீழ் லயத்து அத்தை, நான் உங்களைத்தான் சொல்கிறேன்.

2021 மே 21க்குப் பிறகு ஒரு மாதம் பயணத் தடை, ஓகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் முதலாம் திகதி வரை திரும்பவும் முடக்கம். அதற்குள் பழகிப்போய்விட்டது. பரீட்சையும் ஆன்லைனில் வந்தபோது, கோயில் கமிட்டி மண்டபத்தைத் திறந்துவிட்டு ஒலிபெருக்கியை அமர்த்தியது. லயத்துச் சின்னப் பிள்ளைகள் கிரிக்கெட்டை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராப் பக்கம் கொண்டுபோனார்கள். அவுட்டுக்குக்கூடக் கத்தாமல் கையை மட்டும் தூக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். டேய் பொடியன்களா, இப்போது எவ்வளவு வேண்டுமென்றாலும் கத்துங்கள்.

உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்களுக்கும் நன்றி. அரிசி நல்ல அரிசி. பொதியைப் பிடித்தபடி நாங்கள் நிற்கிற அந்தப் படங்களை மட்டும் உங்கள் பேஸ்புக் பக்கத்திலிருந்து இறக்கிவிட்டால் இன்னும் பெரிய உதவியாக இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள்.

இப்போது எங்களில் மூவருக்கு வேலை கிடைத்துவிட்டது, இரண்டு பேர் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை காலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் பொருளியலும் கணக்கீடும் சொல்லித் தருகிறோம். காசு இல்லை. நேரத்துக்கு வந்தால் போதும்.

கோயில் திருவிழா அடுத்த மாதம். கடைசி நாள் அன்னதானச் செலவு எங்கள் ஐவருடையது. அன்ரி, ஐயாவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வந்து ஹட்டன் பஸ் ஏறினால், ஹட்டனில் நான் நிற்பேன். அங்கிருந்து மஸ்கெலியா பஸ். வளைவுகள் அதிகம், ஐயாவை முன் சீட்டில் இருத்துங்கள். ஸ்வெட்டர் இரண்டு கொண்டுவாருங்கள், ஒன்று போதாது. வாடகைக் கணக்கையும் நேரில் பேசி முடிப்போம், இந்த முறை 'பிறகு' என்று சொன்னால் தவறணைத் தாத்தாவிடம்தான் விட்டுவிடுவேன்.

அன்புடன்,
மேல் டிவிசன் பிள்ளைகள் ஐவருக்காக,
எட்டாம் நம்பர் லயத்து மூத்தவள்