பட்டை என்றால் எந்தப் பட்டை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இதயத்துக்குப் பட்டை நல்லது, சாப்பிட்டால் மாரடைப்பு வராது, ஆய்வே சொல்கிறது என்று சென்ற இதழில் நீங்கள் கட்டுரை போட்டதிலிருந்து என் கடையில் பட்டைப் பொடிக்கு நல்ல கிராக்கி. 30 வருடமாக மளிகைக் கடை வைத்திருப்பவன், உங்களுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் மனசு ஒப்பவில்லை.

கட்டுரையில் ‘பட்டை’ என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பட்டை? குருமாவுக்கும் பிரியாணிக்கும் நாம் போடுவது பெரும்பாலும் காசியா என்ற வகை. சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கமிருந்து வருவது. தடிமனாக இருக்கும், குழவியால் ஒரு தட்டு தட்டினால்தான் உடையும். இலங்கையிலிருந்து வரும் சுருள் பட்டை வேறு. சுருட்டு மாதிரி உள்ளே மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். விலையோ பல மடங்கு. பொடியாக்கிவிட்டால் எனக்கே எது எதுவென்று தெரியாது. காப்ஸ்யூலுக்குள் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? காசியாவில் கூமரின் என்றொரு பொருள் கணிசமாக உண்டு, சுருள் பட்டையில் பெயருக்குத்தான். அளவு மீறினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவர் தினசரி சாப்பிடுவதென்றால் காசியா 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது ஜெர்மன் அரசு நிறுவனத்தின் கணக்கு. குவித்து அள்ளிய ஒரு டீஸ்பூனே அதைத் தாண்டிவிடும். குருமாவில் கிடக்கும் துண்டால் வம்பில்லை, அதைத்தான் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறோமே.

என் மகள் பார்மசிஸ்ட். கட்டுரையில் சொன்ன ‘ஆய்வு’ எதுவாக இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். 2003இல் பாகிஸ்தானில் நடந்ததாக இருக்கும் என்றாள். சர்க்கரை நோயாளிகள் 60 பேர், 40 நாள். அதில் பட்டை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் குறைந்தது உண்மைதான். ஆனால் 2006இல் நெதர்லாந்தில் 25 பெண்களுக்கு 6 வாரம் கொடுத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. இவற்றில் பெரும்பாலும் பார்த்தது ரத்தப் பரிசோதனை எண்களைத்தான். அந்த 40 நாளை வைத்து ‘மாரடைப்பு வராது’ என்று எப்படி எழுதினீர்கள்?

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், என் அக்கா வீட்டுக்காரர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். போன வருடம் யாரோ சொன்னார்கள் என்று பட்டைக் காப்ஸ்யூல் வாங்கி, ‘இயற்கையே இருக்கும்போது கெமிக்கல் எதற்கு’ என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 74இல் இருந்த எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 139. டாக்டர் திட்டிய திட்டில் அக்காதான் அழுதாள், மாமா அல்ல. மாத்திரையை விடாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களும் டாக்டரிடம் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையோடு பட்டைக் காப்ஸ்யூலும் சாப்பிட்ட 73 வயதுப் பெண்மணிக்கு ஈரல் அழற்சி வந்ததை 2015இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. அடுத்த இதழில் இரண்டு பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள், மாதிரி நானே அனுப்பி வைக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்ற வரியைக் கடைசிப் பக்க மூலையில் போடாமல், அந்தக் கட்டுரைத் தலைப்பு இருந்த அதே எழுத்தளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.