மார்ச் 7 உரையைப் பற்றி நண்பருக்கு

அன்புள்ள நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். இளையவளுக்கு வரும் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அழைப்பிதழோடு தனியே எழுதுகிறேன்.

வங்காளதேச விடுதலை இயக்கத்தின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் 1971 மார்ச் 7 அன்று டாக்காவில் ஆற்றிய உரையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததே சில நாள்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாகிஸ்தானிடமிருந்து விடுதலையைப் பிரகடனம் செய்ய வேண்டிய நேரத்தில் அவர் நழுவிவிட்டார் என்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று அவர் எந்த நிலையில் மேடையேறினார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்காளதேசத்தின்) 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்ற அவருடைய கட்சியான அவாமி லீக், பெண்களுக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்து 313 பேர் கொண்ட பாகிஸ்தான் தேசிய சபையில் 167 இடங்களுடன் தனிப்பெரும்பான்மை பெற்றிருந்தது. மார்ச் 3 அன்று டாக்காவில் கூடவேண்டிய அந்தச் சபையை, இராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் மார்ச் 1 அன்று ஒத்திவைத்தார். எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் சுடப்பட்டார்கள். மாணவர்களோ டாக்கா பல்கலைக்கழகத்தில் புதிய நாட்டின் கொடியையே ஏற்றிவிட்டார்கள். ரம்னா பந்தயத் திடலில் திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்கள் விடுதலை என்ற அறிவிப்புக்காகவே காத்திருந்தார்கள். அதை அவர் அறிவித்திருந்தால், பிரிவினைவாதி என்று பெயர் சூட்டி அந்தக் கூட்டத்தின் மீதே சுடுவதற்கு இராணுவத்துக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். வெறுங்கையோடு மேடையிலிருந்து இறங்கியிருந்தால் இயக்கம் அவர் கையைவிட்டுப் போயிருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் அவர் வழி கண்டார். இராணுவச் சட்டத்தை விலக்குங்கள், படைகளை முகாம்களுக்குத் திருப்புங்கள், கொலைகளை விசாரியுங்கள், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் ஆட்சியை ஒப்படையுங்கள். அதன் பிறகே மார்ச் 25 அன்று கூடுவதாக அறிவிக்கப்பட்டுள்ள சபைக்குப் போவதா என்று ஆலோசிப்போம் என்றார். பெரும்பான்மை பெற்ற கட்சியின் தலைவர் சட்டப்படி கேட்கக்கூடியவை இவை. ஆனால் இவற்றில் ஒன்றை ஏற்றாலும் இராணுவ ஆட்சிக்கு அங்கே இடமில்லை. அதே பேச்சில், எண்ணிக்கையில் நாங்கள் மிகுதியாக இருந்தாலும், நியாயத்தைச் சொல்பவர் ஒரே ஒருவராக இருந்தால்கூட அதை ஏற்போம் என்றும் சொன்னார். துப்பாக்கியை நம்பி ஆண்டவர்களின் முகத்துக்கு நேரே பேசப்பட்ட இந்த வாக்கியத்தை உரையின் உச்சமாகவே நான் கருதுகிறேன்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு என நினைக்கிறேன். நீதிமன்றங்களும் அலுவலகங்களும் கல்விக்கூடங்களும் மூடப்படட்டும், வரி கட்ட வேண்டாம், ஆனால் ஏழைகள் துன்பப்படாதிருக்க ரிக்‌ஷாக்களும் இரயில்களும் படகுகளும் ஓடட்டும், மக்கள் சம்பளத்தை எடுத்துக்கொள்ள வங்கிகள் இரண்டு மணி நேரம் திறந்திருக்கட்டும், கிழக்கிலிருந்து ஒரு காசுகூட மேற்குப் பாகிஸ்தானுக்குப் போகக்கூடாது என்று வரிசையாகக் கட்டளையிட்டார். எந்தப் பதவியும் இல்லாத ஒரு மனிதர் மேடையில் நின்றபடியே ஓர் அரசாங்கத்தை நடத்தினார். அதற்குப் பின் மார்ச் 25 வரை கிழக்குப் பாகிஸ்தானின் நிர்வாகம் அவருடைய கட்சியின் கட்டளைப்படியே நடந்தது. புதிய ஆளுநராக வந்த ஜெனரல் டிக்கா கானுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கத் தலைமை நீதிபதியே மறுத்துவிட்டார். விடுதலை என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரகடனம் வேறென்ன இருக்க முடியும்? உரையை வானொலி ஒலிபரப்பக்கூடாது என்று தடுத்தபோது ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் காலை அது ஒலிபரப்பாயிற்று.

நான் கட்டளையிட முடியாமற் போனாலும், ஒவ்வொரு வீட்டையும் கோட்டையாக்குங்கள், கையில் இருப்பதைக் கொண்டு எதிர்த்து நில்லுங்கள் என்று சொன்னபோது, தம் கைதை அவர் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டார். படைவீரர்களை நோக்கி, நீங்கள் எங்கள் சகோதரர்கள், முகாமிலேயே இருங்கள், எங்கள் நெஞ்சில் சுட முயலாதீர்கள் என்றார். இறுதியில்தான், இம்முறை நடப்பது நம் விடுதலைக்கான போராட்டம், சுதந்திரத்துக்கான போராட்டம் என்ற வரிகள் வந்தன. எதிர்பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மார்ச் 25 இரவில் இராணுவம் டாக்காவைத் தாக்கியபோது, முதலில் ஆயுதம் எடுத்தது யார் என்ற கேள்விக்கே இடமில்லாமற் போனது.

ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். இந்துவும் முஸ்லிமும், வங்காளியும் வங்காளி அல்லாதவரும் நம் சகோதரர்கள், அவர்களைக் காப்பது உங்கள் பொறுப்பு என்று அன்று அவர் கேட்டுக்கொண்டும், அம்மாதத்திலேயே உருது பேசிய பீகாரி மக்கள் பல இடங்களில் தாக்கப்பட்டார்கள். விடுதலை பெற்ற நாட்டை ஆண்ட அவரே 1975இல் ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்து, நான்கு நாளேடுகளைத் தவிர மற்றவற்றை மூடினார் என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. ஒருவரின் நியாயத்தையும் ஏற்போம் என்ற அந்த வாக்கியத்தை அவர் ஆட்சி காக்கவில்லை. ஆயினும் 1971இல் அதைக் கேட்டவர்களுக்கு அது பொய்யாக இருக்கவில்லை என்றே நம்புகிறேன்.

ஒலிப்பதிவை முழுவதும் ஒருமுறை கேட்டுவிட்டு, வங்கிகளைப் பற்றிய அந்த இடத்தில் கூட்டம் எப்படி அமைதியாகச் செவிகொடுக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள். அண்ணியாருக்கு என் வணக்கங்கள்.

அன்புடன்,
இராமலிங்கம்