கபடி அணியின் புதிய கேப்டனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கல்லூரிக் கபடி அணிக்கு இந்த ஆண்டு நீதான் கேப்டன் என்று கேள்விப்பட்டோம். ரொம்ப மகிழ்ச்சி. இன்னும் சில நாளில் முதலாண்டுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டை, நீடாமங்கலம் என்று டெல்டா முழுக்க இருந்து பெட்டியும் பக்கெட்டுமாக விடுதியில் வந்து இறங்குவார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் செலக்‌ஷனுக்கு உன் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். ராகிங் தடுப்புக் குழுக்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் நாங்கள்.

ராகிங் நடக்கிறதா என்று பார்க்கும் பறக்கும் படை விடுதி வராண்டாவையும் கேன்டீனையும்தான் சுற்றி வரும். அணி, மன்றம், கலைக்குழு என்று உள்ளே போய்விட்டால் அங்கே நடப்பதற்கு யாரும் ராகிங் என்று பெயர் வைப்பதில்லை. 'டிசிப்ளின்' என்பார்கள், 'நாங்களும் இதைத் தாண்டித்தான் வந்தோம்' என்பார்கள். அணிக்குள் நடப்பதை நிறுத்த முதல்வரைவிட உன்னால்தான் அதிகம் முடியும். புதிதாக வருபவனை யார், எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை முடிவு செய்கிற இடத்தில் நீ இருக்கிறாய்.

முதலில் நேரத்தைப் பிடி. ராகிங் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், மொட்டை மாடியிலோ மூடிய அறையிலோதான் நடக்கும். பயிற்சி காலை ஆறிலிருந்து ஏழரை, மாலை நாலரையிலிருந்து ஆறு என்று எழுதி பி.டி. சாரிடம் கையெழுத்து வாங்கு. அந்த நேரத்துக்கு வெளியே எந்த சீனியரும் 'டீம் மீட்டிங்' என்று ஜூனியரைக் கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு. வாட்ஸ்அப் குரூப்பில் பி.டி. சாரும் இருக்கட்டும். ஜூனியர்களை மட்டும் சேர்த்து சீனியர்கள் நடத்தும் இரண்டாவது குரூப் ஒன்று தானாக முளைக்கும். அதைக் கலைத்துவிடு. நேரில் திட்டினாலும் மெசேஜில் திட்டினாலும் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் விதிப்படி இரண்டும் ராகிங்தான்.

அடுத்தது உடற்பயிற்சி. உங்கள் ஆட்டத்தில் தண்டனையும் பயிற்சியும் ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம். வார்ம்-அப்பில் இருபது தோப்புக்கரணம் போடுவது பயிற்சி. பெயரை மறந்துவிட்டான், 'அண்ணா' போடாமல் பேசிவிட்டான் என்று முந்நூறு போடச் சொல்வது ராகிங். அது அவமானத்தோடு நிற்காது. பழக்கமில்லாத உடம்பு ஒரே மூச்சில் அவ்வளவு செய்யும்போது தசை நார் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். அன்றைக்கே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தொடை வீங்கிக் கல்லாட்டம் இறுகும், படி இறங்க முடியாது, சிறுநீர் கறுத்த டீத்தண்ணீர் நிறத்தில் போகும். 'உடம்பு வலிதானே' என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதே. அதுவே சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. என்ன செய்ய வைத்தார்கள், எத்தனை தடவை என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜெர்சி துவைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் சேறும் வியர்வையுமாக ஏழு ஜெர்சி ஒரு பக்கெட்டில் விழும். அந்தப் பக்கெட் எப்போதும் முதலாண்டு அறை வாசலிலேயே போய் நிற்கும். அங்கே தொடங்கி, பரோட்டா வாங்கி வா, ரீசார்ஜ் பண்ணு, ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடு என்று ஒரே மாதத்தில் வளர்ந்துவிடும். அவரவர் ஜெர்சியை அவரவர் துவைக்கட்டும். பொதுவான வேலைக்கு வரிசைப் பட்டியல் போடு, முதல் வாரத்தில் உன் பெயர் வரட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு கேள்வி உண்டு. 'எந்த ஊரு?' என்பதோடு நிற்காமல் 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தெருப் பெயரைக் கேட்பது எதற்கு என்று உனக்கும் தெரியும், பதில் சொல்ல வேண்டிய பையனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு யார் யாரோடு சாப்பிடுவது, யார் பக்கெட் தூக்குவது என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த ஊர் ஆகியவற்றை வைத்துச் செய்யும் கொடுமையும் ராகிங்தான் என்று 2016 திருத்தத்தில் யூஜிசி வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினராகவும், செய்தவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். உன் அணியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்க விடாதே.

ஆற்றுக்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வகுப்பு தொடங்கும் மாதங்களில்தான் மேட்டூர்த் தண்ணீர் வந்து காவிரியும் அரசலாறும் நிறைந்து ஓடும். மதகுக்குக் கீழே மேலோட்டமாகப் பார்த்தால் தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும், அடியில் சுழன்று இழுக்கும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே இருக்கும். 'குதிடா, பாப்போம்' என்று ஒருவன் சொல்ல, நீச்சல் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் குதிக்கிற வயசு அது.

குடிக்க வைத்து ஒருவன் நினைவில்லாமல் கிடந்தால் மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் தண்ணீர் எதுவும் வேண்டாம். வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், மூச்சுக்குழலில் ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடு. வண்டி வரும்வரை பக்கத்தை விட்டு நகராதே.

சட்டமும் நம் பக்கத்தில் நடந்த ஒரு சாவினால்தான் வந்தது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதையடுத்து வந்த 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம் எல்லாம் உண்டு. ஒரு மாணவர் இயல்பாக விருப்பப்பட்டுச் செய்யாத எதையும் செய்யச் சொல்வதே ராகிங் என்கிறது சட்டம். கல்லூரிக்கு வெளியே, பஸ்ஸில், ஆற்றங்கரையில் நடந்தாலும் செல்லும். யார் செய்தது என்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்க யூஜிசியின் 2009 விதிகள் இடம் தருகின்றன. 'நான் சும்மா நின்னேன் சார்' என்பது கேப்டனுக்கு எடுபடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால் நீ விசாரணை நடத்தாதே. பாதிக்கப்பட்ட பையனை அன்றிரவு தனியாக விடாமல், அவன் நம்புகிற ஒருவரோடு வேறு அறையில் தங்க வை. காயம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, அங்கே விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும். மெசேஜ்களை அழிக்க விடாதே, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல். புகாரை அவன் தன் வார்த்தையில் எழுதட்டும்: எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் யார், என்ன சொன்னார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். சட்டக் குற்றமாக இருந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் போலீசில் புகார் கொடுத்தாக வேண்டும். புகாரை அலட்சியம் செய்தால் அவரே குற்றத்துக்கு உடந்தை என்கிறது 1997 சட்டம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் சமரசத்தில்தான். இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து, 'கை கொடுத்துக்கோங்கப்பா' என்று முடிப்பார்கள். தனக்குக் கெடுதல் செய்தவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையனும் நடந்ததை முழுசாகச் சொல்லமாட்டான். அல்லது பாதிக்கப்பட்டவனையே விடுதி மாற்றுவார்கள். இடம் மாற வேண்டியது செய்தவன். ஊரிலிருந்து அப்பாவை வரவழைத்து 'படிப்பு போயிடும்' என்று பயமுறுத்திப் புகாரை வாபஸ் வாங்க வைப்பதும் உண்டு. இதில் எதற்கும் நீ தூது போகாதே. கல்லூரிக்குள் பேசப் பயமாக இருந்தால் தேசிய உதவி எண் 1800-180-5522 இருக்கிறது, 24 மணி நேரமும். அங்கே போகும் தகவல் கல்லூரித் தலைவருக்கும், விடுதிக் காப்பாளருக்கும், தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கும், எஸ்.பி.க்கும் ஒரே நேரத்தில் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், 'ஊருக்கே போயிடறேன்' என்று ஒருவன் புலம்பினால் 14416இல் மனநல ஆலோசகரிடம் இலவசமாகப் பேசலாம். முதல் தடவை போன் போடும்போது நீ பக்கத்தில் இரு.

இந்த எண்களைத் தனித் தாளில் ஒட்டினால் இரண்டு நாளில் கிழித்துவிடுவார்கள். பயிற்சி நேரம் போட்ட தாளின் அடியிலேயே அச்சடித்து, செலக்‌ஷனுக்கு முன்னால் மைதானப் பலகையிலும் முதலாண்டு விடுதி வாசலிலும் ஒட்டிவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்கள்