வள்ளத்தின் அடி

காங்கேயம்,
ஞாயிறு மதியம்.

மாப்ள,

உனக்கு எழுதி எட்டு மாசம் ஆகிவிட்டது. திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. உங்கள் டெய்லர் இன்னும் என் சட்டையைத் தரவில்லை. மழை இல்லை. சம்பிரதாயம் முடிந்தது.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். அதன் முகப்பில் இருக்கும் உரைபெறு கட்டுரையில் நம்மாட்களைப் பற்றி ஒரு வரி வருமே, கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தார்கள், அதிலிருந்து 'மழைத்தொழில் என்றும் மாறாதாயிற்று' என்று. எழுதியவர் காங்கேயம் பக்கம் வந்ததே இல்லை என்பது உறுதி. சித்திரையில் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பார்.

சின்னவள் பிளஸ் டூ. போன மாசம் ஒரு நாள் ராத்திரி கைடும் கையுமாக வந்து, "சிலம்பு எதன் குறியீடுங்கப்பா? நீதின்னு போட்டிருக்கு. அப்படியே எழுதிடட்டுமா?" என்றாள். எழுதினால் ஒரு மார்க் நிச்சயம். 'எழுது' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். நம் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. பதினொன்றரை மணி வரை பேசினேன். பாதியிலேயே பிள்ளை தூங்கிவிட்டது.

அவளிடம் சொல்லி முடிக்காததை உன்னிடம் சொல்கிறேன். நீ தூங்கினாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

கதை முழுக்க அந்தச் சிலம்பு ஒன்றுதான், ஆனால் அதைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் அது வேறு. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலேயே 'அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய' என்று வருகிறது. புருஷன் கோவலன் வேறு வீட்டில் இருக்கிறான், கண்ணகி காலில் சிலம்பு இல்லை, அவ்வளவுதான் செய்தி. அப்புறம் அவன் திரும்பி வந்து, குலத்துச் சொத்தை எல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அப்போது அவள் சிரித்த முகத்தோடு சொல்வது ரெண்டே வார்த்தை: 'சிலம்புள கொண்ம்.' சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள். மாதவிக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்கிறார்கள் உரைகாரர்கள். அது மட்டும் சரியென்றால் அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்கோ அது உடனே முதல். நம் ஊர் விசைத்தறிக்காரர் மாதிரி, இதை வைத்துத் தொழில் செய்து விட்டதைப் பிடிக்கலாம் என்று மதுரைக்குக் கிளம்பிவிடுகிறான். பொற்கொல்லனுக்கு அது தன் திருட்டை மறைக்கக் கிடைத்த வாய்ப்பு. பாண்டியனுக்குத் தேவியின் காணாமல் போன நகை. ஒருவனாவது அதன் உள்ளே என்ன பரல் இருக்கிறது என்று கேட்டானா? கண்ணகி ஒருத்திக்குத்தான் அது தெரியும், போட்டு நடந்தவள் அவள்தானே. உடைத்த பிறகுதான் மாணிக்கமா முத்தா என்பது சபைக்குத் தெரிகிறது. அதுவும் எப்படி? 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.' தீர்ப்புச் சொன்ன வாயிலேயே போய்த் தெறிக்கிறது.

இத்தனையையும் 'நீதி' என்று ஒரு வார்த்தையில் மடித்து மார்க் வாங்கச் சொல்கிறார்கள். பொற்கொல்லனுக்கு அந்தக் காப்பியத்தில் ஒரு பேர்கூடக் கிடையாது தெரியுமா? ஊரையே எரிய வைத்தவனுக்குப் பேர் இல்லை. அதற்கு ஒரு மார்க்கும் இல்லை.

சரி, இதற்காக இவன் எட்டு மாசம் கழித்து எழுதுகிறான் என்று நம்பியிருக்க மாட்டாய். விஷயம் வேறு.

தை முடிந்ததும் நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம். காடு பிரிப்பதில் தகராறு இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் நாவலில் வருகிற மாதிரி தடி ஏதும் தூக்கவில்லை. (அந்தப் புத்தகம் என்னுடையது. உன்னிடம் இருக்கிறது. மறந்துவிட்டாய் என்றால் நம்ப மாட்டேன்.) சண்டை வந்ததெல்லாம் பாத்திரத்துக்குத்தான். அண்டா, தவலை, செம்பு எல்லாம் அண்ணன் எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கண்ணாடி அலமாரியில் அடுக்கி, மேலே சின்னதாக விளக்கும் போட்டிருக்கிறான். பார்த்ததும் எனக்குப் புறநானூற்றில் ஔவை தொண்டைமான் வீட்டு ஆயுதங்களைச் சொல்வதுதான் ஞாபகம் வந்தது. 'இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி'. நெய் பூசிக் காவலோடு இருக்கிறதாம். அதியமானுடையதோ குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறதாம். யார் பெரியவன் என்று கிழவி ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். ஆனால் அவளைத் தூது அனுப்பியது நம் பக்கத்துத் தகடூர்க்காரன் அதியமான், அதனால் அடக்கமாகப் பேசினாள் என்று எடுத்துக்கொள்ளாதே. அதைவிடக் குத்தலாகப் பேச முடியாது.

என் பங்குக்கு வந்தது அப்பா தானியம் அளக்கிற பித்தளை வள்ளம்.

உனக்குத் தெரிந்த வள்ளம்தான். களத்து மேட்டில் உட்கார்ந்து நாம் ரெண்டு பேரும் தாளம் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியது. சாயங்காலம் கூலிக்காரப் பெண்கள் முந்தானையை விரித்து நிற்பார்கள். அப்பா கம்பை அள்ளி, உள்ளங்கையால் தலை வழித்துப் போடுவார். அம்மா பக்கத்தில் நின்று, ஒவ்வொருத்திக்கும் மேலே ஒரு கை அள்ளிப் போடுவாள். அப்பா முறைப்பார். அம்மா கண்டுகொள்ள மாட்டாள். அப்பா போனபோது நினைவு மலரில் நான் எழுதியிருந்தேனே, 'எங்கள் வீட்டு வள்ளம் கொடையின் குறியீடு' என்று. அதைப் போதாதென்று 'அட்சய பாத்திரம்' ஆக்கியது நீ. அச்சகத்துக்காரர்கூட நல்லாருக்குங் என்றார்.

மாசியில் பழைய ஆள் ஒரு ஆயா வந்தது. உனக்கு நுங்கு வெட்டிக் கொடுக்குமே, அதேதான். கண் சரியாகத் தெரிவதில்லை. எண்பது வயதில் என்னைச் சாமி என்கிறது, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. திண்ணையில் வள்ளம் இருந்தது. கையில் எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவியது. அப்புறம் சிரித்தது.

"இன்னும் அப்பிடியேதான் இருக்குதுங் சாமி."

எது என்றேன்.

"அடி. உள்ளார தூக்கி அடிச்சிருக்குமுங். வெளிய வளையம் மறச்சுக்கும். கம்பு போட்டா ஆருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரியுமுங்."

அம்மா மேலே ஒரு கை போடுவாளே என்றேன். மாப்ள, அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆத்தா போடறதக் கொசுறுன்னு நெனச்சீங்களாக்கும்? அது எங்க கணக்குங்."

ஆயா போன பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். விழுந்து ஒடுங்கியது என்று சொல்லிக்கொள்ள ரொம்ப நேரம் முயற்சி செய்தேன். ஒடுங்கல் இப்படி வட்டமாக, நடு மையத்தில், சுற்றிலும் சுத்தியல் தடத்தோடு இருக்காது. பக்கத்துத் தோட்டத்து வள்ளத்தை வாங்கி வந்து அரிசி போட்டு அளந்தேன். மூன்று தடவை. நம்முடையதில் ரெண்டு கை குறைந்தது.

அம்மா போட்டது ஒரு கை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். அடித்தது அப்பாவா, அவருக்குத் தாத்தா அப்படியே கொடுத்ததா, கேட்க ஆள் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முப்பது வருசம் தினம் சாயங்காலம் ஒரு கை, அவர் முறைக்க முறைக்க. அந்த முறைப்பைக் கஞ்சத்தனம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம் நீயும் நானும். இன்னொரு கையை ஏன் போடவில்லை என்றும் ராத்திரியில் தோன்றுகிறது. போட்டிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. அண்ணனுக்குச் சொல்லவில்லை. சொன்னால், பித்தளை கிலோ என்ன விலை தெரியுமா, போட்டுவிட்டு வேலையைப் பார் என்பான்.

சின்னவள் பரீட்சையில் 'நீதி' என்றே எழுதிவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. கொடையின் குறியீடு என்று அச்சில் போட்டவன் எந்த முகத்தோடு சொல்வது?

உன்னிடம் அந்த மலர் நாலைந்து பிரதி கிடக்கும். யாருக்கும் கொடுக்காதே. சித்திரையில் வரும்போது எடுத்து வா, நாகம்மாளையும் சேர்த்து. உங்கள் வீட்டுப் பரணில் பழைய வள்ளம் இருந்தால், வருவதற்கு முன் உள்ளே ஒரு தடவை கையை விட்டுப் பார்.

வியாழக்கிழமை ஆயா கொள்ளு வாங்க வருகிறது. வள்ளத்தைக் கழுவி வைக்கட்டுமா என்று இவள் கேட்டாள். சந்தையிலிருந்து தராசு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
மச்சான்.