உதவியில்லாப் பிரிவில் உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

சவுதி அரேபியப் பாலைவனத்தில் நடந்த 2024 டக்கார் ராலியில், உதவிக்குழு இல்லாத மோட்டார் சைக்கிள் பிரிவில் ஓடி முடித்துவிட்டேன். எங்களுக்கு மெக்கானிக் கிடையாது. சாமான் பெட்டியையும் கூடாரத்தையும் அமைப்பாளர்கள் முகாமுக்கு முகாம் ஏற்றி வருவார்கள். வண்டியைப் பிரிப்பதும் பூட்டுவதும் நம் பாடு. விதிப்படி தனி ஆள்தான். நன்றி சொல்ல உட்கார்ந்தால்தான் பட்டியல் நீள்கிறது.

ரோடுபுக் எனும் வழிக்குறிப்பு ஏட்டைப் படிக்கப் பழக்கிய மூத்த வீரருக்கு முதல் வணக்கம். வழி சொல்லும் ஜிபிஎஸ் இல்லாத போட்டியில் தூரம், திசைக்கோணம், குறி மூன்றையும் ஓட்டியபடியே ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். பெரும் ஆபத்தைக் காட்டும் மூன்று ஆச்சரியக்குறி வந்தால் பேசாமல் வேகத்தைக் குறை என்று அவர் போட்ட அதட்டல், ஒரு வறண்ட ஓடையின் விளிம்பில் காதில் ஒலித்தது. பிழைத்தேன்.

அடுத்து, ரூப் அல் காலி பாலைவனத்தில் எனக்காக நின்ற அந்த ஸ்பானிய வீரர். இரண்டு நாள் நீளும் 48 மணி நேரக் கட்டத்தின் முதல் நாள், மணல்மேட்டின் மறுபுறம் வண்டி உருண்டு கிளட்ச் லீவர் அடியோடு ஒடிந்துவிட்டது. காயம்பட்டவருக்காக நிற்பவருக்கு, இழந்த நேரத்தை அமைப்பாளர்கள் திருப்பித் தருவார்கள். ஒடிந்த லீவருக்காக நின்றால் போனது போனதுதான். அது தெரிந்தும் நின்றார். தன் வண்டியில் டேப் சுற்றி வைத்திருந்த உபரி லீவரைப் பிய்த்தெடுத்தார். திருகில் மணல் புகுந்து சுற்ற மறுத்தபோது, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிக் கழுவினார். வியர்வை வழிந்த அந்த விரல்களை நான் மறக்க மாட்டேன். ஐயா, அன்று உங்களைப் பலர் முந்திப் போனார்கள். தரவரிசைப் பட்டியலில் அதற்குக் காரணம் எழுதியிருக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மாலை 4 மணிக்குப் பிறகு எட்டும் முதல் முகாமிலேயே தங்க வேண்டும் என்பது அந்தக் கட்டத்தின் விதி. நான் காற்று வடிகட்டியை மாற்றும்வரை டார்ச் பிடித்து நின்றவரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நீங்களும் களைத்துத்தான் இருந்தீர்கள்.

தலைக்கு மேலே பறந்த மருத்துவக் குழுவினருக்கும் நன்றி. உங்களிடம் எனக்கு வேலை வராததில் மகிழ்ச்சி. தவறாக நினைக்க வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் இருந்தவர்களுக்கு. லீவர் மாட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், அடுத்த சோதனைப் புள்ளியில் என் நேரம் பதிவாகவில்லை என்பதைத்தான் நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காரணம் சொல்ல ஒருவரும் இல்லை. நானாவது வேலையில் மும்முரமாக இருந்தேன்.

நன்றியுடன்,
உங்கள் ராலி ஓட்டி